கன்னி மூலையில் நின்ற பீரோ

அடுத்தவர் வீட்டு நெட்டைச் சரிசெய்து கொடுப்பதுதான் என் வேலை. என் வீட்டு நெட் மட்டும் சரியாக இருக்காது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும், இருந்தும் சொன்னேன், சிரித்தார்கள். அவர்கள் மேல் இருக்கும் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. கோவில்பதாகையில் எங்கள் வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று கேட்க வேண்டும். ஒரு பிராட்பேண்ட் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் கூப்பிடுவார்கள். நெட் வரவில்லை, மெதுவாக வருகிறது, ஹாலில் வருகிறது ரூமில் வரவில்லை. கேள்விமேல் கேள்வி கேட்டுக் கோளாறு எங்கே என்று நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அவர்கள் கூப்பிடும் அழைப்பு லேப்டாப் வழியாக, என் வீட்டு வைஃபை வழியாகத்தான் எனக்கு வரும். என் வைஃபை படுத்துக்கொண்டால் அழைப்பும் அறுந்துவிடும்.

முதல் மூன்று மாதம் தற்காலிகம். அதற்குள் நம் பக்கக் கோளாறால் மூன்று முறை அழைப்பு அறுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று முதல் நாள் பயிற்சியில் சொன்னார்கள். "இப்பவே வீட்லதான இருக்கேன், இன்னும் எங்க போறது?" என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்கு முன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் ஸ்டோரில் பத்தொன்பது வருடம் இருந்தேன். எந்த போல்ட் எந்த ரேக்கில் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துக் கொடுப்பேன். கம்பெனி இடம் மாறியபோது இளசுகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனது. நாற்பத்தாறு வயதில் பதினோரு மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். அந்தப் பதினோரு மாதத்தைப் பற்றி அதிகம் சொல்லப் பிடிக்கவில்லை. தெருமுனை டீக்கடையில் தெரிந்தவர்கள் விசாரிப்பார்கள் என்று ரயில்வே கேட் தாண்டிப் போய் டீ குடித்தேன். கல்யாண வீடுகளில் சாப்பிட்ட கையோடு வண்டியைக் கிளப்பினேன். காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொள்ள ஒரு காரணம் இல்லாமல் போனால் மனுஷன் என்ன ஆவான் என்று எனக்குத் தெரியும். திரும்ப அங்கே போய் விழக் கூடாது. அவ்வளவுதான் என் ஆசை.

ஐந்தாவது வாரம் ஒரு அழைப்பு அறுந்தது. பதினோராவது வாரம் இன்னொன்று. தற்காலிகம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. இன்னும் ஒன்று அறுந்தால் கதை முடிந்தது.

அந்த நாட்களில் நான் வீட்டில் ஒரு இடத்தில் நிற்கவில்லை. லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு, சிக்னல் கோடுகளைப் பார்த்தபடி, அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்தேன். ஹாலில் நான்கு கோடும் நிற்கும். படுக்கையறை வாசலில் மூன்று. என் மேஜைக்கு வந்தால் ஒன்று, சில சமயம் அதுவும் இல்லை. ஹாலிலேயே உட்காரலாமே என்பீர்கள். எங்கள் ஹால் ரோட்டைப் பார்த்தது. தண்ணீர் லாரி, பழைய பேப்பர் எடுப்பவரின் ஒலிபெருக்கி, எதிர்வீட்டு குக்கர். அழைப்பில் பின்னணிச் சத்தம் கேட்டால் அது தனிக் குற்றம். வயர் போட்டு இணைக்கலாமே என்பீர்கள். கம்பெனி கொடுத்த லேப்டாப் அப்பளம் மாதிரி மெல்லிசு, அதில் வயர் சொருக ஓட்டையே கிடையாது. எல்லாம் யோசித்தாயிற்று. யோசனை சொல்ல வந்தவர்கள் மேல் எரிந்து விழுந்தும் ஆயிற்று.

எங்கள் வீட்டுக்கு நெட் கொடுத்த லைன்மேனைக் கூப்பிட்டேன். வந்தார், ஹால் சுவரில் மாட்டியிருந்த ரவுட்டர் பெட்டியை அண்ணாந்து பார்த்தார், கையைக்கூட வைக்கவில்லை.

"அண்ணாத்தே, லைட்டு பச்சையா கீது பாரு. எங்க சைடு ஒண்ணியும் இல்ல. உன் ஊட்டு சைடுதான் எதுனா இருக்கும்."

எனக்கு வந்ததே கோபம்! இதே வாக்கியத்தை நான் தினமும் இருபது பேருக்கு நல்ல தமிழில் சொல்கிறேன். சொல்லும்போது எவ்வளவு நியாயமாகத் தெரிகிறது. கேட்கும்போதுதான் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது.

அப்புறம் பக்கத்தில் யாரோ என் நெட்டைத் திருடுகிறார்கள் என்று முடிவுக்கு வந்தேன். ஆதாரம் ஒன்றும் இல்லை. கோபத்தில் பாஸ்வேர்டை மாற்றி, திருடுகிறவன் படித்தால் உறைக்கட்டும் என்று நல்ல கெட்ட வார்த்தையாக ஒன்றை வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தம்பி சாப்பிட வந்தான். வந்ததும் செல்லை எடுத்துக்கொண்டு, "மாமே, பாஸ்வேர்டு இன்னா?" என்றான். சொன்னேன். செல்லைக் கீழே வைத்தான். "இல்லன்னா இல்லன்னு சொல்லு மாமே, அதுக்கு ஏன் திட்டற?" என்றான். என் மனைவி அடுப்படியில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாஸ்வேர்டு மாற்றியும் நெட் மாறவில்லை.

கம்பெனி கொடுத்த கேள்வித்தாள் ஒன்றை மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தேன். மொத்தம் ஒன்பது கேள்வி. ரவுட்டரை அணைத்துப் போட்டீர்களா, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், இப்படிப் போகும். நான்காவது கேள்வி: ரவுட்டருக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், பெரிய கண்ணாடி ஏதாவது இருக்கிறதா? ஒருநாள் காலையில் வேலை தொடங்கும் முன் நானே வாடிக்கையாளராகி, நானே கேட்டு, நானே பதில் சொன்னேன். நான்காவது கேள்விக்கு, இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைப்பேன், அந்த நிமிஷம் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான்கரை மணி இருக்கும். ஒரு அம்மா கூப்பிட்டார். அறுபதைத் தாண்டிய குரல். பேச்சைக் கேட்டதுமே நம்ம பக்கத்து ஆள் என்று தெரிந்துவிட்டது.

"நெட்டு ஹால்ல வருது நைனா. பெட்ரூம்புல வர்ல. படம் அப்டியே நின்னுபூடுது."

"ரவுட்டர் எங்கே இருக்கு மேடம்?"

"ஹால்ல, டிவி பக்கத்துல."

"அதுக்கும் உங்க பெட்ரூமுக்கும் நடுவுல இரும்பு பீரோ ஏதாவது இருக்கா?"

"கீதே. நடு செவுத்த ஒட்டிகினு."

கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். "அதுதான் மேடம் தடுக்குது. கொஞ்சம் தள்ளிப்போட்டுப் பாருங்க."

"அத்த நகத்த முடியாது பா. கன்னி மூலைல கீது."

கன்னி மூலை என்றால் தென்மேற்கு மூலை. பீரோவை அங்கே வடக்குப் பார்த்து வைத்தால் வீட்டில் செல்வம் தங்கும் என்று எங்கள் பக்கத்தில் வாடகை வீட்டுக்காரர்கள்கூடப் பார்த்துத்தான் வைப்பார்கள். புரிகிறது. ஆனால் எனக்கு அன்றைக்குப் பொறுமை இல்லை. என் திரையின் ஓரத்தில் ஒற்றைக் கோடு விட்டு விட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. இந்த அழைப்பைச் சீக்கிரம் முடிக்க வேண்டும், அறுவதற்குள் முடிக்க வேண்டும்.

"அப்போ நீங்க ஹால்ல உக்காந்து பாருங்க மேடம்."

"ஹால்ல கட்டில் இல்லியே நைனா."

கட்டில் எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கோபம் எனக்கு எப்போதும் மூக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அது இறங்கி வாய்க்கு வந்துவிட்டது. மேடமும் போயிற்று, நல்ல தமிழும் போயிற்று.

"யம்மா, நெட்டு வேணுமா, கன்னி மூல வேணுமா, ரெண்டுல ஒண்ணு சொல்லு! ரெண்டு அடி தள்றதுக்கு இன்னா கேடு உனுக்கு? பீரோவ கட்டிகினு அழுவுறதுன்னா அழு, அப்பறம் எதுக்கு எனக்கு போன் பண்ற?"

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார் என்று நினைத்தேன். திரையைப் பார்த்தால் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் வைக்கவில்லை. என் நெட்தான் போயிருந்தது. மூன்றாவது.

ஹெட்செட்டைக் கழற்றி எறியப் போய்த் திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால், கைநீட்டும் தூரத்தில், எங்கள் பீரோ நின்றது. அதன் ஆளுயரக் கண்ணாடியில் நான் வாயைப் பிளந்துகொண்டு தெரிந்தேன்.

அட கடவுளே! கன்னி மூலை. வடக்குப் பார்த்த கதவு. வீடு கட்டி முடித்தபோது வாஸ்து பார்த்தவர் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டிய அதே இடத்தில் பன்னிரண்டு வருடமாக நிற்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஹால், அதே சுவரில்தான் நெட் பெட்டி ஸ்க்ரூ போட்டு மாட்டியிருந்தது. இரும்புத் தகடு, கண்ணாடி, பித்தளைக் குத்துவிளக்கு, வெள்ளித் தட்டு எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு சிக்னல் என் மேஜைக்கு வர வேண்டும் என்று மூன்று மாதமாக நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் இருபது பேரிடம் கேட்ட கேள்வியை என்னிடம் கேட்டபோது எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. அது எனக்கு ஒரு சாமானே இல்லை, சுவர் மாதிரி. இருக்கிறது என்றே தோன்றாது.

மனைவியைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்ன, கத்தினேன். ஓடி வந்தாள்.

"பீரோவ தள்ளணும். வா, ஒரு கை புடி."

"இன்னாய்யா திடீர்னு? கன்னி மூல?"

"கன்னி மூலையாவது மண்ணாவது! தள்ளு!"

"நல்லா கத்து. ரூம்பு இருட்டா கீது, பீரோவ அந்தாண்ட போடலாம்னு எத்தினி வருசமா சொல்லிகினு கீறேன்? நீதானய்யா வாஸ்து வாஸ்துன்னு குதிச்ச?"

உண்மைதான். குதித்தவன் நான்தான். லாக்கரைத் திறந்து பாத்திரங்களை எடுத்துக் கட்டிலில் போட்டேன். அவள் புடவைகளை அள்ளி எடுத்தாள். பாதி காலியானதும் இருவரும் தோள் கொடுத்துத் தள்ளினோம். ஒரு தரை ஓடு படக்கென்று விரிசல் விட்டது. அந்த நேரத்தில் செல் அடித்தது. எங்கள் சூப்பர்வைசர். என் வயதில் பாதி இருக்கும் பெண், மரியாதையான பெண், ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை.

"சார், உங்க லைன் மூணாவது வாட்டி கட்டாயிருக்கு."

"தெரியும்மா. காரணம் கண்டுபிடிச்சுட்டேன். இனிமே ஆகாது, சத்தியமா ஆகாது."

"நான் என்ன சார் பண்றது? சிஸ்டமே உங்க பேரை எடுத்துடும். இன்னைக்கு ஆறு மணி வரைக்கும் ஷிஃப்ட்ட முடிச்சுடுங்க. அதுக்கப்பறம் உங்க ஐடி வேலை செய்யாது. லேப்டாப்பையும் ஹெட்செட்டையும் எடுத்துக்க ஆள் வருவாங்க." வைக்கப் போனவள் சேர்த்துச் சொன்னாள். "கட்டான அந்தக் கஸ்டமருக்கு அரை மணி நேரத்துக்குள்ள நீங்கதான் திருப்பிக் கூப்பிடணும் சார். அது ரூல்."

வைத்துவிட்டாள். மேஜையைப் பார்த்தேன். திரையில் நான்கு கோடும் நிறைந்து நின்றன. மூன்று மாதமாக ஏங்கிய நான்கு கோடு. எனக்கு அழுகை வந்தது. மனைவி என் முகத்தைப் பார்த்தாள், ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

போகிற வேலைக்கு ரூல் ஒரு கேடா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த அம்மாவிடம் நான் கத்திய கத்தல் காதிலேயே நின்றது. ஐந்து மணிக்குக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"தம்பியா? கட்டாயிடிச்சேன்னு போன கையிலயே வெச்சிகினு கீறேன்."

"என்னை மன்னிச்சிடுங்கம்மா. கத்திட்டேன். எங்க ஊட்டு பீரோவும் கன்னி மூலைலதான் இருந்திச்சி. இப்பத்தான் தள்ளிட்டு வரேன்."

"ஒண்டியாவா தள்ன?"

"இல்லம்மா, நானும் ஊட்டுக்காரியும்."

"அதான பாத்தேன். உனுக்கு ஆளு கீது." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "எனுக்கு முட்டி ஆபரேசன் ஆயி பதினெட்டு நாளு ஆவுது நைனா. வாக்கர புடிச்சிகினு பாத்ரூம் போயி வர்றதே பெரும்பாடு. காலைல சமையலுக்கு ஒரு பொண்ணு வந்துட்டு போவும், அப்பறம் நான் மட்டுந்தான். பீரோவ எங்கேர்ந்து தள்றது? அத்த சொல்லிக்க ஒரு மாதிரியா இருந்திச்சி. அதான் கன்னி மூலன்னு சொல்லிட்டேன்."

"கட்டில் எதுக்கும்மா?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"படுத்துகினு காலை மடக்கி நீட்டணும். ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரு பொண்ணு ஆறு மணிக்கு போன்ல வந்து காட்டும். போன வாரம் படம் நின்னுபூட்ச்சி. நானா எதோ மடக்கப் போயி, ரெண்டு நாளு கால கீழ வெக்க முடியல. இப்பிடியே வுட்டா முட்டி மடங்காமயே பூடும்னு அந்தப் பொண்ணு பயம் காட்டுது."

பீரோவை நகர்த்த முடியாது. அப்படியானால் நகரக்கூடியது வேறு என்ன? நெற்றியில் அடித்துக்கொண்டேன். பெட்டி! உள்ளங்கை அகலப் பெட்டி. பீரோவை விட்டுவிட்டுப் பெட்டியை நகர்த்தினால் போதும். என் வீட்டிலும் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றியிருந்தால் முடிந்திருக்கும், தரை ஓடும் பிழைத்திருக்கும். பத்தொன்பது வருடம் ஸ்டோரில் இருந்தவனுக்குக் கனமானதை விட்டுவிட்டு லேசானதைத் தூக்கத் தெரியவில்லை.

"அம்மா, டிவிக்குப் பின்னாடி மெல்லிசா ஒரு வயரு சுருட்டிக் கட்டியிருக்கும் பாருங்க. குனியாதீங்க, நின்னபடியே பாருங்க."

"கீது. வாழநாரு மாதிரி பெரிய சுருளா கீது."

நல்ல காலம். மாட்டியவர் தாராளமாக விட்டுப் போயிருந்தார். பெட்டியின் ஸ்விட்சை அணைக்கச் சொன்னேன். பவர் வயரைப் பிடுங்கச் சொன்னேன். மெல்லிய வயரைப் பெட்டியிலிருந்து கழற்ற வேண்டாம், மடிக்கவும் வேண்டாம், சுருளை மட்டும் அவிழ்த்துவிடுங்கள் என்றேன். இரண்டு கையும் வாக்கரில் இருந்தால் பெட்டியை எப்படி எடுத்துப் போவது? கேட்டேன். அவரே வழி சொன்னார். கடைக்குப் போகும் துணிப்பை ஒன்று வாக்கரில் தொங்குகிறது, அதில் போட்டுக்கொள்கிறேன் என்றார். செல்லையும் ஸ்பீக்கரில் வைத்து அதே பைக்குள் போட்டார்.

அப்புறம் எனக்கு அவர் நடப்பது மட்டும் கேட்டது. டொக். காலை இழுக்கும் சத்தம். ஒரு பெருமூச்சு. மறுபடியும் டொக். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். உட்கார முடியவில்லை. வயர் காலில் சிக்கி விழுந்து வைத்தால் நான் என்ன செய்வேன்? போகச் சொன்னவன் நான். "வயர இடது பக்கமா வுட்டுகினு மெதுவா வாங்கம்மா, அவசரம் இல்ல" என்று வெறும் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். திரையில் சூப்பர்வைசரின் செய்தி வந்து வந்து மறைந்தது. ஒரு அழைப்புக்கு ஒன்பது நிமிடம்தான், நீங்கள் இருபத்தைந்து தாண்டிவிட்டீர்கள் சார். அதை மூடினேன். மறுபடி வந்தது. மறுபடி மூடினேன்.

"வந்துட்டேன் நைனா." குரல் வேர்த்துப் போயிருந்தது. படுக்கையறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருந்ததாம். துவைத்த துணி குவித்திருந்ததை ஒதுக்கி, அதன்மேல் பெட்டியை வைத்தார். கதவோரம் சுவிட்ச் போர்டும் இருந்தது. சொருகினார். பச்சை லைட் வர மூன்று நான்கு நிமிடம் ஆகும், அதுவரை கட்டிலில் உட்காருங்கள் என்றேன்.

"நீ டீ குச்சியா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "நேரத்துக்கு குடி. வெறும் வவுத்துல பேசிகினு இருந்தா கோவந்தான் வரும்."

லைட் பச்சையானது. எதையாவது படம் போட்டுப் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரத்தில் கடுகு வெடிக்கும் சத்தமும், யாரோ ஒரு பெண் வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிக்கொள்ளச் சொல்வதும் கேட்டது. நிற்காமல் கேட்டது. வெங்காயம் வதங்கி, தக்காளி போட்டு, மிளகாய்த்தூள் வரை போனது.

"ஓடுது நைனா! கட்டில்ல குந்திகினு பாக்கறேன், நிக்காம ஓடுது!"

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மூன்று மாதத்தில் எத்தனையோ பேருக்கு நெட் வரவழைத்துக் கொடுத்திருக்கிறேன், ஒருத்தருக்காகவும் நான் இப்படி நின்றுகொண்டு வியர்த்ததில்லை. இந்த வேலை எனக்கு வருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அவர் வைக்கவில்லை. சமையல் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏன் நைனா, நாளைக்கு எதுனா ஆச்சின்னா உன்னியே கூப்புட்லாமா? வேற யார்னா எடுத்தா மொதல்லேர்ந்து சொல்லணும். முட்டி, வாக்கரு, எல்லாத்தையும்."

திரையில் மணி ஐந்து நாற்பத்தெட்டு. என் ஐடிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம்.

"கூப்பிடுங்கம்மா," என்றேன். "நானே எடுக்கறேன்."